பராமரிப்புள்ள தண்ணீர்

புளியறையில் வீட்டோடு நீச்சல்குளம் கட்டுவோரைப் பாராட்டத்தான் வேண்டும். குற்றாலம் பக்கத்தில்தானே என்பார்கள், விவரம் தெரியாதவர்கள். ஐந்தருவிக்கு யாராவது குளோரின் போடுகிறார்களா? பழைய குற்றாலத்தில் பி.எச். அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்தவர் உண்டா? மாதச் சந்தா இல்லாமல் கொட்டும் தண்ணீரை எந்த நம்பிக்கையில் தலையில் வாங்குவது?

எட்டுக்கு நாலு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 48,000 லிட்டர். அதற்கு மோட்டார், மணல் வடிகட்டி, மருந்து, ஆள். சாரல் மாதங்களில் காற்று இலையைக் கொட்டும், மழை குளோரினை நீர்க்கச் செய்யும், பில் ஏறும். கௌரவமும் கூடத்தான்.

செலவைக் குறைக்க, பராமரிக்கிற தம்பியே வழி சொன்னார்: “அண்ணாச்சி, நீங்க உள்ள இறங்காம இருந்தாப் போதும்.”

அண்ணாச்சி இப்போது கிணற்றடியில் வாளியோடு குளிக்கிறார். சந்தா மட்டும் தவறுவதில்லை.