முதல் இலை யாருக்கு?

கேள்வி: எங்கள் பேட்டையிலேயே நடக்கும் காதல் கதை ஒன்று எழுதியிருக்கிறேன். “யாருக்கான படம்?” என்று தயாரிப்பாளர் கேட்டார். “எல்லாருக்கும்” என்றேன். உதட்டைப் பிதுக்கிவிட்டார். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– ஓர் உதவி இயக்குநர், புளியந்தோப்பு

பதில்: ஊருக்கே சாப்பாடு போட்டாலும் முதல் இலை யாருக்கு என்று ஒரு கணக்கு இருக்கும் தம்பி. அவர் கேட்டது அதைத்தான். 2018இல் வந்த ‘96’ படத்தில் முதல் இலை, நாற்பதைத் தொடும் பழைய பள்ளித் தோழர்களுக்கு. ஆனால் 1996இல் பிறந்தே இராத பிள்ளைகளும் பந்தியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 1980இல் ‘ஒரு தலை ராகம்’ புதுமுகங்களோடு வந்தபோது, வாய்ச்சொல்லாலேயே அதை ஓட வைத்தவர்கள் கல்லூரி மாணவர்கள்.

உங்கள் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. வியாசர்பாடியில் நடக்கும் ‘மெட்ராஸ்’ (2014) படத்தில் பா.ரஞ்சித், ஹவுசிங் போர்டில் வாழும் நாயகன் காளியை ஐடி வேலைக்கு அனுப்பினார். காதலிக்கவும் விட்டார். வடசென்னைப் பையன் கையில் அரிவாளை மட்டுமே பார்த்துச் சலித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

என்னைக் கேட்டால், உங்கள் முதல் இலை பேசின் பிரிட்ஜில் ரயிலேறி வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பும் பெண்ணுக்கு. உங்கள் பேட்டையின் ஆடுதொட்டியும் கானாப் பாட்டும் அவளுக்குப் புதிதல்ல; அவற்றை விளக்கி நேரம் கடத்தாதீர்கள். அப்படிப்பட்ட நாலு பேருக்குக் கதையைச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் செல்போனை எடுக்கிறார்களோ, அந்தக் காட்சியை இன்று இரவே திருத்துங்கள்.