பேசியவர்கள்

பிளஸ் டூ கடைசி நாளன்று வகுப்பே அழுதது என்று இப்போது சொல்லிக்கொள்கிறோம். 62 பேரில் அழுதது 17 பேர்தான். கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்றால், லீடர் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தான். 'அழுதவர்கள்' என்று தலைப்புப் போட்டு, அடியில் இரட்டைக் கோடு இழுத்து, வரிசையாகப் பெயர்கள். அவனைத் திட்டிக்கொண்டே அழுத இரண்டு பேருக்குப் பக்கத்தில் 'மிக அதிகம்'.

கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. 1998-இல் காமர்ஸ் குரூப் முடித்த கூட்டம் நாங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஏழு வருஷம் வாத்தியார்கள் மாறினார்கள், கட்டடம் மாறியது, அரைக்கால் சட்டை முழுக்கால் சட்டையானது. லீடர் மட்டும் மாறவில்லை.

இந்தப் பதவிக்குத் தேர்தல் கிடையாது. ஜூன் மாதம் வகுப்பாசிரியர் உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்ப்பார். முதல் மார்க் வாங்குகிறவன் பக்கம் பார்வை நிற்காது. அவன் பாவம், படிக்கட்டும். வாட்டசாட்டமாக இருக்க வேண்டும், கையெழுத்துத் தேற வேண்டும், கடைக்கு அனுப்பினால் டீ கிளாசுக்குள் விரல் படாமல் கொண்டுவரத் தெரிய வேண்டும். மூன்றும் உள்ளவன் எங்கள் வகுப்பில் ஒருத்தன்தான். அவனைவிட அதிகம் பேசுகிறவனும் வகுப்பில் கிடையாது. திருடன் கையில் சாவியைக் கொடுப்பதில் எங்கள் வாத்தியார்களுக்கு அலாதி நம்பிக்கை.

சாவி கிடைத்ததும் ஆள் மாறிவிட்டான். சட்டைப் பையில் எப்போதும் அரைத் துண்டு சாக்பீஸ் கிடக்கும். வெள்ளைச் சட்டையில் அந்தப் பை மட்டும் இன்னும் வெள்ளையாக இருக்கும். காலையில் பலகையின் மேலே குறள், இடது மூலையில் தேதி, வலது மூலையில் 'பதிவு 62, வருகை 55'. வாத்தியார் வெளியே கால் வைத்ததும் நடுவில் 'பேசியவர்கள்'. ஒருமுறை பேசினால் பெயர். மறுபடி பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு 2, அப்புறம் 3. அதற்கும் மேலே போனால் 'மிக அதிகம்'. அதையும் தாண்டியவர்களுக்கு என்றே ஓர் உயரிய விருது இருந்தது: 'அடங்கவில்லை'. நான் ஒன்பதாம் வகுப்பில் அதை நான்கு முறை வாங்கியிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் பெருமை இல்லை.

இதில் வரவு செலவும் உண்டு. ஒரு கடலைமிட்டாய் கொடுத்தால் ஒரு பெருக்கல் குறி இறங்கும். மூன்று கொடுத்தால் பெயரே போய்விடும். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020-இல். எங்கள் வகுப்பில் அது அதற்கு முன்பே செலாவணியாக இருந்தது. சிக்கல் என்னவென்றால், பெயரை அழித்த இடம் பலகையில் சாம்பல் பூத்துத் தெரியும். கணக்கு சார் அதைப் பிரம்பால் தொட்டுக் காட்டி, "இங்க யாரு பேருல இருந்துச்சு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து லீடர் அழித்த இடத்தின் மேலேயே வேறு பெயர் எழுதினான். யார் வம்புக்கும் போகாமல், அன்றைக்குப் பள்ளிக்கூடம் வராதவன் பெயராகப் பார்த்து எழுதினான். அம்மை போட்டு வீட்டில் கிடந்த ஒருத்தன் பத்து நாள் தொடர்ந்து பேசியிருக்கிறான்.

இவ்வளவு எழுதினாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். வகுப்பில் பெரிய சத்தமே அவனுடையதுதான். "ஏலே, பேசாதிங்கல!" என்று அவன் போடும் கூச்சல் மைதானம் தாண்டித் தீப்பெட்டி ஆபீஸ் வரைக்கும் கேட்கும். ஒருநாள் ஹெச்.எம். வந்து வாசலில் நின்றார். "கத்துனது யாரு?" வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி, லீடரின் ஏழு வருஷ வாழ்க்கையில் அவன் சாதிக்க முடியாத அமைதி. "உன் பேர எழுதுல" என்றார். எழுதினான். மற்றவர்கள் பெயரையெல்லாம் மொட்டையாக எழுதுகிறவன், தன் பெயரை இனிஷியலோடு, குண்டு குண்டாக, அழகாக எழுதினான். சாயங்காலம் வரை அதை யாரும் தொடக்கூடாது என்று கீழே 'அழிக்க வேண்டாம்' என்றும் போட்டுவிட்டான்.

படித்து முடித்த இந்த லீடர்கள் எங்கே போகிறார்கள் என்று பலருக்குத் தெரிவதில்லை. எங்கேயும் போவதில்லை. கல்யாணப் பந்தியில் இலை எண்ணிக்கொண்டு நிற்பவர், அடுக்குமாடிக் குடியிருப்பில் செருப்பை எங்கே விட வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டுபவர், பஸ் படியில் நின்று "உள்ள போ, உள்ள போ" என்று உலகையே உள்ளே அனுப்புபவர், எல்லாரும் இவர்கள்தான்.

எங்களவன் கண்டக்டராகத்தான் ஆனான். 2023-இல், 25 வருஷம் ஆயிற்று என்று ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். கூட்டியவனும் அவன்தான். சொட்டை விழுந்து தொப்பை போட்ட நாற்பத்திச் சொச்சம் வயசுக்காரர்கள், ஒருத்தன் பேசுவது இன்னொருத்தனுக்குக் கேட்காமல் கத்திக்கொண்டிருந்தோம். மைக் வேலை செய்யவில்லை. அவன் மேடைக்குப் பின்னால் போய், எங்கிருந்தோ ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். சட்டைப் பைக்குள் கையை விட்டான். அவ்வளவுதான், மண்டபம் அடங்கிவிட்டது. ஒருத்தர் வாயில் இருந்த வடையை மெல்லாமல் வைத்திருந்தார். அவர் இப்போது ஒரு வங்கியின் கிளை மேலாளர்.

அவன் மகனும் வந்திருந்தான். அப்பா பிளஸ் டூவில் 742 மார்க் என்று யாரிடமோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவன், "600-க்கு எப்படிப்பா 742?" என்றான். 2019 தேர்விலிருந்து மொத்தமே 600 என்று ஆகிவிட்ட காலத்துப் பிள்ளை. லீடர் 1200 கதையை விளக்கவில்லை. "அப்பல்லாம் அப்படித்தான் படிப்போம்" என்று சொல்லிவிட்டான்.

வயதான தமிழ் ஐயா கைத்தடியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்ததும், லீடர் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஐயா, பதிவு 62. வருகை 41. நாலு பேர் தவறிட்டாங்க. மிச்ச 17 பேரும் லீவ் லெட்டர் குடுக்கல." ஐயா தலையாட்டினார். இறந்த நான்கு பேரின் பெயரையும் அவன் பதிவிலிருந்து எடுக்கவில்லை என்பதை வீட்டுக்குப் போகும் வழியில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அடுத்த சந்திப்பு மே மாதம் முதல் ஞாயிறு. ஆளுக்கு 500 ரூபாய். வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று இன்னொன்று வந்தது: காகிதத்தில் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். மேலே 'பணம் கட்டாதவர்கள்', அடியில் இரட்டைக் கோடு. முதல் பெயர் என்னுடையது. பக்கத்தில் 'அடங்கவில்லை'.