பாவித்த ஜீப்பிலக்கணம்

பித்தளையைத் துலக்கி மினுக்கும் கலை தழைத்த பிலிமத்தலாவையில், கண்டி வீதியோரத்தில் மெழுகு பூசி நிறுத்தப்பட்டிருக்கும் பாவித்த சொகுசு ஜீப்புகளைப் பற்றி முறையான இலக்கண நூல் ஒன்று இதுகாறும் தோன்றாதிருப்பது தமிழ் ஆராய்ச்சியுலகின் பெருங்குறை என்று அடியேன் கருதுகிறேன். பிராடோவானாலும் மொன்டெரோவானாலும் ரேஞ்ச் ரோவரானாலும் எங்கள் ஊர் அதனை ஜீப் என்றே வழங்குவதால், நாமும் உலக வழக்கைத் தழுவி, தொல்காப்பியரின் அடிச்சுவட்டில் எழுத்து, சொல், பொருள் என்னும் மூன்று அதிகாரங்களாக இவ்விசாரணையை வகுத்துக்கொள்வோம்.

முதலாவது எழுத்து. சர்வதேச விதிப்படி அடிச்சட்டத்தில் பொறிக்கப்படும் எண்ணுக்குக் குறிகள் பதினேழு. ஐ, ஓ, கியூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள், ஒன்றென்றும் பூச்சியமென்றும் மயங்குதல் கூடுமாதலால், அதில் வருதல் இல்லை. தன் உள்நாட்டுச் சந்தைக்கென ஜப்பான் செய்யும் வாகனத்திலோ இதனிற் சுருங்கிய வேறோர் எண்ணே காணப்படும். இந்தப் புறனடையை அறியாத நண்பர் ஒருவர், பதினேழு எங்கே என்று தரகரிடம் ஒரு பிற்பகல் முழுவதும் வாதாடி, அடிச்சட்டத்து எண்ணும் பதிவுப் புத்தகத்து எண்ணும் ஒன்றா என்று பார்க்க மறந்து வீடு திரும்பினார். அதே புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் உரிமையாளராய் வீற்றிருந்தால், கடன் தீர்ந்த கடிதம் வரும்வரை கைப்பையைத் திறத்தல் ஆகாது. டயரின் விலாவில் 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் பிறந்தது. மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீற்றர் என்று சாதிக்க, பிரேக் பெடலின் இறப்பர் வழுக்கையாய்த் தேய்ந்திருக்குமாயின், கல்வெட்டை விட்டுப் பெடலையே பிரமாணமாகக் கொள்க. ஜப்பானிய ஏலச்சீட்டில் ஆர் என்னும் எழுத்துக்கு அடிபட்டுச் செப்பனிடப்பட்டது என்று பொருள். இராசியானது என்பார் விற்பவர்.

நிறம்: கண்ணால் பார்த்துக்கொள்க.

இனிச் சொல். இங்கேதான் ஆராய்ச்சியாளன் இளைப்பாற நிழல் உண்டு. பத்திரிகை விளம்பரங்களில் பெருவழக்காய் வரும் ‘லேடி டொக்டர் பாவித்தது’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். லேடியாகிய டொக்டர் என்று விரித்து இதனை இருபெயரொட்டுப் பண்புத்தொகையாகக் கொள்வது பெரும்பான்மையோர் மதம். லேடிகளுக்கு டொக்டர் என்று நான்காம் வேற்றுமை விரிப்போர், அவர் மகப்பேற்று மருத்துவராகவும் ஆணாகவும் இருந்து, நள்ளிரவு அழைப்புகளுக்கெல்லாம் ஜீப்பை விரட்டியிருக்கலாம் என்று அஞ்சுவர். லேடியும் டொக்டரும் என்று உம்மைத்தொகையாக்குவோர், கை மாறியது இருமுறை என்பர். எஞ்சிய ஒரு சாரார், லேடி என்பது ஈண்டு அடைமொழியே என்றும், மெதுவாக ஓட்டும் எவரும் இலக்கணத்தில் லேடியே என்றும் கூறி, தத்தம் மனைவிமாரின் சாரத்தியத்தை நேரிற் கண்டவுடன் அக்கொள்கையைக் கைவிட்டனர்.

ஆயினும் முடிச்சு இருப்பது ‘பாவித்தது’ என்னும் வினையில். ஈழ வழக்கில் பாவித்தல் உபயோகித்தல்; பழைய நூல் வழக்கிலோ அது மனத்தால் கருதுதல், அதாவது பாவனை செய்தல். சலுகை வரியில் வாகனம் தருவிக்கும் அனுமதிப்பத்திரம் அரச டொக்டர்மாருக்கு வழங்கப்பட்டதும், அவருட் பலர் அதனை நல்ல விலைக்குக் கைமாற்றியதும் நாடறிந்த செய்தியாதலின், அந்த டொக்டர் ஜீப்பின் கதவையேனும் தொட்டறியாது, அதனை மனத்தில் மட்டும் பாவித்தார் என்று கொள்வதே பொருத்தம். அவ்வகையில் விளம்பரம் சத்தியமே கூறியது.

இதற்கு ஆதாரமாய் அடியேன் காட்டக்கூடிய மூலப்பிரதி, என் மாமா டீசல் பற்றுச்சீட்டொன்றின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவைத்த ஒற்றை வரி. ‘என்ஜின் குளிர்ந்திருக்கையில் பார்க்காமல் வாங்’ என்பதுவரை தெளிவு. அப்பால் தேநீர்க் கோப்பையின் வட்டக்கறை எழுத்தை விழுங்கிற்று. ‘வாங்காதே’ என்பது என் பாடம். ‘வாங்கு’ என்று பாடங்கொண்ட தரகர், கறைக்குள் ஓரெழுத்துக்கு மேல் இடமில்லை என்று அடிக்கோலால் அளந்து காட்டினார். கறை தேநீருடையதா கோப்பியினுடையதா என்பது தெளிந்தாலன்றிக் காலநிர்ணயம் செய்யலாகாது என்றார் மூன்றாமவர். அவர் பல்கலைக்கழகத்தில் இருப்பவர். ஒரு சீருக்கு நாற்பது பக்கம் எழுதியதில் செய்யுளைப் படிக்கப் பொழுது வாய்க்காத பெரியோர் நம்மிடையே உளர். அவர்கள் ஜீப் வாங்குவதில்லை என்பது ஜீப்புகளின் பாக்கியம்.

கடைசியாகப் பொருள். எழுத்தும் சொல்லும் வல்லாரைப் பெற்றோம், பொருள் வல்லாரைப் பெற்றிலமே என்று பாண்டியன் வருந்திய வரலாறு இறையனார் களவியல் உரையில் உண்டு. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை பழைய ஜீப்புகள் ஏறிய விலையைக் கண்ட எங்களுக்கும் அதே குறைதான், பொருள் என்பதன் மற்ற அர்த்தத்தில்.

இவ்வதிகாரத்தை எங்கள் கராஜ் பாஸ் ஒருவரே கற்றிருந்தார். அடியேன் ‘பாவித்தது’ பற்றி விளக்கிக்கொண்டிருக்கையில், “மாஸ்டர், படிச்சது போதும், சாவியைத் தாங்க” என்றார். விடியற்காலையில், எவரும் முன்னதாக முடுக்கிச் சூடேற்றிவைக்காத என்ஜினின் எண்ணெய் மூடியைத் திறந்து, உட்புறத்தில் பால்போல் வெண்குழம்பு உண்டா என்று பார்த்தார். இருந்தால் எண்ணெயோடு நீர் கலக்கிறதோ என்று ஐயுற வேண்டுமாம். காற்றடைத்த சஸ்பென்ஷன் உள்ள வண்டியானால், இரவு நிமிர்ந்து நின்றது காலையில் ஒரு மூலை குந்தியிருக்கிறதா என்று நோக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கியதை மறைக்க எத்தனை அத்தர் தெளித்தாலும், இருக்கைத் தண்டவாளத்தின் அடியில் விரல் விட்டால் சேறு சாட்சி சொல்லும். பிறகு கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கி, அதே சரிவில் ஏறி, வெப்பமானியின் முள் நடுவைத் தாண்டுகிறதா என்று பார்த்தார்.

அந்த ஏற்றத்தின் உச்சியில், வீதியமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனுக்கு 1832இல் எழுப்பிய கோபுரம் நிற்கிறது. 1829இல் மறைந்த அவர் மலையைக் குடைந்தது கண்டியைக் கொழும்போடு பிணைக்கவே என்பது சரித்திராசிரியர் துணிபு. பாவித்த ஜீப்பின் ரேடியேற்றரைச் சோதிக்கவே என்பது எங்கள் கராஜின் குருபரம்பரை.

பாடபேத விவகாரம் மட்டும் தீராதிருந்தது. பற்றுச்சீட்டை மாமியிடம் காட்டினேன். கறையைத் தடவிக்கூடப் பாராமல், “வாங்கினேன்” என்று வாசித்துவிட்டு, பின்வளவைச் சுட்டினார். பலாமரத்தடியில், பின்னிருக்கையில் அடைகாக்கும் கோழியோடு, லேடி டொக்டரின் ஜீப் நின்றது. திண்ணையில் மாமா பென்சிலைக் கூர்தீட்டிக்கொண்டிருந்தார்.

“மருமகன், ‘ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் பாவித்தது’ என்று போடலாமா, அல்லது ‘ஆசிரியை’ என்றே போட்டுவிடவா?”