சோனோரா கணவாயும் சூடேறிய பிரேக்கும்

கேள்வி: பெரிய டயர் பூட்டிய என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் சோனோரா கணவாயிலிருந்து இறங்குகையில், பிரேக் பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்துவிட்டது. பெரிய டிஸ்க் போட்டால் தீருமா?
– ஒரு வாசகர், லிவர்மோர்

பதில்: டிஸ்க்குக்குமுன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். பிரேக் பேட் மட்டும் காய்ந்திருந்தால் பெடல் கெட்டியாகவே இருந்து வண்டிதான் நிற்க மறுத்திருக்கும். பெடலே அமிழ்ந்ததென்றால், கசிவு ஏதுமில்லாத பட்சத்தில், ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாயின என்றே கொள்ளவேண்டும். 2,933 மீட்டர் உயரமுள்ள அக்கணவாயிலிருந்து இரண்டரை டன் வண்டியொன்று 1,000 மீட்டர் இறங்குகையில் வெளிப்படும் சக்தி, முழுவதும் உஷ்ணமாக மாறினால், 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும்; அவ்வளவையும் நான்கு இரும்புத் தட்டுகளின் தலையில் சுமத்தினால், மெலிந்த மலைக்காற்று அவற்றைத் தணிக்கவும் வலுவற்று, வாக்குவம் பூஸ்டருக்கு வேண்டிய அழுத்தத்தைத் தரவும் இயலாது நிற்கிறது. போதாததற்குப் பெரிய டயர்கள் சக்கரத்தின் நிற்க மறுக்கும் பிடிவாதத்தை வளர்க்கின்றன!

டாட் 4 ஆயில் புதிதாயிருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கவேண்டுமென்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே ஆயில் முதலில், அதிக உஷ்ணம் தாங்கும் பேட் அடுத்து, பெரிய டிஸ்க் அதன் பின்னர். எஃகு வலை போர்த்திய ஹோஸ் பெடலுக்கு உறுதி தருமேயன்றி உஷ்ணத்தைக் குறைக்காது.

செலவில்லாத சிகிச்சையும் ஒன்றுண்டு: இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாறி, பிரேக்கை இடையறாது அழுத்தாமல், விட்டுவிட்டு அழுத்துங்கள். அமிழும் பெடலோடு மட்டும் தயவுசெய்து மறுபடி மலையேறாதீர்கள்.