காலி நாற்காலியின் இயக்கவியல்: எஸ்ஸன் விளையாட்டுச் சந்தையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஆண்டுதோறும் அக்டோபரில் நான்கு நாள் நடக்கும் ‘ஷ்பீல்’ என்னும் பலகை விளையாட்டுக் கண்காட்சியைப் பற்றி எழுதியோர் பலர். அனைவரும் விளையாட்டுகளைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு உட்கார இடம் கிடைத்திருக்க வேண்டும். அங்கே ஆராயத்தக்க பொருள் காலி நாற்காலி ஒன்றே. பகடையும் காயும் அட்டையும் அதற்குப் பிற்பட்டவை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இத்துறையில் முன்னாய்வாளர் எவரும் இலர். ஆகவே மேற்கோள் காட்டும் சிரமமும் இல்லை.

முதலில் வரலாறு. 1983-இல் இந்த விழா எஸ்ஸனில் பெரியவர்களுக்கான கல்விக்கூடம் ஒன்றில் தொடங்கியது. கல்விக்கூடம் என்றால் பெஞ்சு இருந்திருக்கும். எனவே அன்று வந்தவர்கள் உட்கார்ந்தே ஆடினர் எனக் கொள்வதில் தவறில்லை. பிறகு கூட்டம் பெருகி, மெஸ்ஸே எஸ்ஸன் என்னும் பெருமண்டபங்களுக்கு விழா இடம்பெயர்ந்தது. 1995-இல் பல் தொழில்நுட்பராக இருந்த கிளவுஸ் டாய்பரின் ‘கட்டான்’ வந்தது. மரமும் செங்கல்லும் ஆடும் பண்டமாற்று செய்வதில் உள்ள இன்பத்தை உலகம் அறிந்தது. அன்று பிடித்தது நாற்காலிப் பஞ்சம். 2019-இல் நான்கு நாளில் சுமார் 2,09,000 வருகைகள். புதிய விளையாட்டுகள் மட்டும் 1,500-க்கு மேல்.

இனி கணக்கு. மண்டபம் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுகிறது. ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னதாக. ஆக மொத்தம் 35 மணி நேரம். காத்திருக்கவும் கற்கவும் ஆடவும் சேர்த்து ஒரு விளையாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று மிகத் தாராளமாக வைத்தால், சாப்பிடாமல், கழிவறை பக்கம் போகாமல் ஆடினாலும் 35 விளையாட்டுகள். மிச்சம் 1,465. பயணச்சீட்டு போடும்போது யாரும் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை.

சோதிட மரபை ஒட்டி, நாற்காலி கிடைத்த நிலையை உச்சம் என்றும் கிடைக்காத நிலையை நீச்சம் என்றும் வரையறுக்கலாம். இரண்டுங்கெட்டான் நிலை ஒன்றும் உண்டு: நால்வராகப் போய் மூவருக்கு இடம் கிடைப்பது. நட்பின் ஆழத்தை அளக்க இதைவிடத் துல்லியமான கருவி இல்லை.

நீச்சத்தில் இருப்பவர் செய்வது என்ன? கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு வந்துவிட்டவரைக் குறிவைத்து அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறோமே, அதையேதான் எஸ்ஸனில் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் கொரியரும் செய்கிறார்கள். பந்தியில் இலையைப் பார்த்தால் மீதி நேரம் தெரிந்துவிடும். இங்கே அது முடியாது. பெட்டியில் 45 நிமிடம் என்று அச்சடித்திருக்கும்; விதி தெரிந்த நால்வர் ஒருவரும் யோசிக்காமல் ஆடினால் ஆகும் நேரம் அது. ஒவ்வொரு மேசையிலும் யோசிக்கிறவர் ஒருவர் இருந்தே தீருவார். பிரபஞ்சத்தை முதலிலிருந்து படைத்து முடித்த பிறகே அவர் ஒரு மரக்கட்டையை நகர்த்துவார்.

உச்சத்தில் இருப்பவர் நிலையும் கொண்டாடத்தக்கதல்ல. விளையாட்டு மகா மட்டம் என்று இரண்டாம் சுற்றிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் எழுந்திருக்க மாட்டார். கால் வலி அப்படி. ஆகவே மட்டமான விளையாட்டின் மேசையும் நிரம்பியே இருக்கும். நிரம்பிய மேசையைக் கண்டவர்கள் ஏதோ விசேஷம் என்று சூழ்ந்துகொள்வார்கள். இவ்வாறு நாற்காலியின் புகழ் விளையாட்டின்மீது ஏறுகிறது. இதை இக்கட்டுரையாளர் ‘இருக்கை மயக்கம்’ எனப் பெயரிடுகிறார். வேறு பெயர் வைத்தாலும் ஆட்சேபமில்லை.

இம்மயக்கத்துக்கு மாற்று மருந்தாக ‘ஃபேர்ப்ளே’ என்ற ஜெர்மன் இதழ் வருகையாளர்களிடம் மதிப்பெண் வாங்கிப் பட்டியல் போடுகிறது. ஜெர்மன் பள்ளி வழக்கப்படி 1 என்றால் அருமை, 6 என்றால் தேறாது. நல்ல காரியம்தான். ஆனால் பட்டியலில் ஒரு விளையாட்டு முதலிடம் பிடித்துவிட்டால், மறுநாள் காலை அதன் நாற்காலி கண்ணில் படாது. மதிப்பெண் போட்டவர்கள் உட்கார்ந்து போட்டார்கள். அதை நம்பி வந்தவர்கள் நிற்கிறார்கள்.

விதி விளக்குநரைப் பற்றித் தனி நூலே எழுதலாம். ஒரே கதையை நாள் முழுதும் நாலு பேர் நாலு பேராகச் சொல்லி, ஞாயிறன்று குரல் தேய்ந்து சைகையில் விளக்குபவர் அவர். இம்மண்டபத்தில் சம்பாதித்து நிற்பவர் அவர் ஒருவரே. மற்றவர்கள் காசு கொடுத்து நிற்கிறார்கள்.

நாற்காலி கிடைக்காதவர் கடைசியில் வாங்கத் தொடங்குகிறார். ஆடிப் பார்க்காததை வீட்டில் ஆடலாம் என்பது வாதம். ‘குளூம்ஹேவன்’ போன்ற ஒரு பெட்டியே ஏறத்தாழ 10 கிலோ. விமானத்தில் பொதுவாக விடுவது 23. சட்டைகளை விட்டுவிட்டு வரலாமா என்ற வினா ஞாயிறு மாலை எழுகிறது. அது அறத்தைச் சார்ந்ததா, பொருளைச் சார்ந்ததா என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மெய்யான உச்சம் மண்டபத்தில் இல்லை. மாலையில் அவரவர் தங்கும் விடுதிக்குத் திரும்பினால், காலைச் சிற்றுண்டிக் கூடத்தில் முன்பின் தெரியாதவர்கள் பெட்டியைப் பிரித்து, “இன்னொருத்தர் வேண்டும், வருகிறீர்களா?” என்று கேட்கிறார்கள். நாற்காலியை இழுத்தும் போடுகிறார்கள். இந்த ஒரு தரவு நம் கருதுகோளை முற்றிலும் உறுதிசெய்கிறது.

எஸ்ஸன் செல்லவிருக்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆட்டம் முடிந்ததும் வெற்றிப் புள்ளிகளைக் கூட்டிச் சரிபார்க்கும் வேலையைத் தயவுசெய்து எழுந்து நின்று செய்யுங்கள்.