பீலாவுக்கு நாலு சாட்சி

வடசென்னை மூலக்கொத்தளத்தில் சாயங்காலம் ஏழரை மணி. டீக்கடை பெஞ்சில் ஐந்து பேர். எல்லோருக்கும் அறுபதை ஒட்டிய வயது. பள்ளிக்கூடத்தில் ஒரே கடைசி பெஞ்ச். இன்றைக்கும் அதே வரிசையில்தான் உட்காருகிறார்கள். வந்த ஐந்து டீயில் மூன்று சர்க்கரை இல்லாதது. நடுவில் இருப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மெய்யாலுமே சொல்றேன்..." என்கிறார். உடனே மற்ற நாலு பேரும் சிரிக்கிறார்கள். கதை இன்னும் ஆரம்பிக்கவேயில்லை.

ராபர்ட் பிராவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் பொது இடங்களில் நின்று 1,200 சிரிப்புகளைக் குறித்துக்கொண்டு போய் அலசிப் பார்த்தார். ஐந்தில் ஒரு பங்குகூட ஜோக்கைக் கேட்டு வந்த சிரிப்பில்லை. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, கூட ஆளிருந்தால் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்றும் சொன்னார். நேரே மூலக்கொத்தளத்துக்கு வந்திருந்தால் அவருக்கு அலைச்சல் மிச்சம்.

நடுவில் இருக்கிறாரே, அவர்தான் பீலாக்காரர். வடசென்னையில் தெருவுக்கு ஒருவர் உண்டு. பொய் சொல்கிறவரோடு அவரைச் சேர்த்துவிடக் கூடாது. பொய் சொல்கிறவருக்குச் சாட்சி என்றாலே ஆகாது. பீலாக்காரருக்கோ சாட்சி இல்லாவிட்டால் வாயே திறக்காது. நடந்த சம்பவம், நடந்த இடம், பக்கத்தில் இருந்த ஆள் எல்லாம் நிஜம். அளவு மட்டும் அவருடையது.

இந்த ஊருக்குப் பீலா புதிதுமில்லை. ஊர்ப் பெயரிலேயே கோட்டை மதிலின் கொத்தளம் இருக்கிறது, மதிலைக் காணோம். கொஞ்சம் தள்ளி வால்டாக்ஸ் ரோடு, அதாவது மதில் வரி ரோடு. அந்தக் காலத்துக் கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மதில் கட்டி, அந்தச் செலவை ஜனங்கள் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தார்கள். வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது என்பது சென்னைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது. வராத வரிக்கு ஒரு ரோடே இருக்கும்போது, பீலாக்காரர் கூட்டிய அளவுக்கு ஒரு கதை இருந்தால் என்ன?

ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு வேலை. ஒருவர் திருத்துகிறவர். "அன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லடா, சனி" என்பார். எட்டடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்பதை விட்டுவிடுவார், கிழமையை விடமாட்டார். அடுத்தவர் சத்தியம் செய்கிறவர். பீலாக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில் "அம்மா மேல சத்தியமா" என்று நிரப்புவது அவர் பொறுப்பு. மூன்றாமவர் சிரிப்பதற்கென்றே வருகிறவர். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்து, "திருப்பிச் சொல்லு" என்பார். நாலாமவர்தான் பாவம். பெரும்பாலான கதை அவருக்கு நடந்தது. ஆனால் அதைச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. ஒரு முறை வாயைத் திறந்து பார்த்தார். "உனுக்கு சொல்லத் தெரியாது, சும்மா இரு" என்று அடக்கிவிட்டார்கள். விழுந்தவருக்கு விழுந்தது மட்டும்தான் தெரியும்; விழுந்ததைப் பார்த்தவர்களுக்குத்தானே கதை தெரியும்?

தொட்டிக் கதையை எடுத்துக்கொள்வோம். இவர்களில் ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம், மொட்டை மாடியில் பார்ட்டி. பிளாஸ்டிக் குடத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தாளம், இரண்டு பேர் கானா, பாக்கிப் பேர் டான்ஸ். கீழ்வீட்டுப் பாட்டி இரண்டு முறை மேலே வந்து திட்டிவிட்டு, மூன்றாம் முறை படிக்கட்டிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்டதாக ஒரு தகவல். நள்ளிரவுக்கு மேல் நாலாமவருக்குத் தூக்கம் வந்தது. கொசுத் தொல்லைக்குப் பாதுகாப்பாக, காலியாகக் கிடந்த சிமென்ட் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் படுத்துவிட்டார். தண்ணீர்ப் பஞ்ச காலம். அந்தத் தொட்டி நிரம்பி மாதக்கணக்காகியிருந்தது. அன்றைக்குப் பார்த்து விடியற்காலையில் தண்ணீர் வந்தது. வீட்டுக்காரம்மா சந்தோஷத்தில் மோட்டாரைப் போட்டார்.

"தண்ணி போட்டுட்டு பட்த்தவன் தண்ணிலயே முயிச்சான்" என்பது பீலாக்காரர் வாக்கு. இதுவரைக்கும் நிஜம். முதலில் கதை சொன்னபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் நாலாமவர் எழுந்துகொண்டார். சில வருஷத்தில் கழுத்துக்கு வந்தது. இப்போது அவர் மிதக்கிறார். மிதந்துகொண்டே கானாவின் கடைசி அடியைப் பாடுகிறார். தொட்டிக்காரர் கேட்டுக்கொண்டே இருப்பார். "நான் பாடலடா, அலறுனேன்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார். யாரும் சட்டை செய்வதில்லை.

இன்னொன்று சுடுகாட்டுக் கதை. மூலக்கொத்தளம் இடுகாடு தமிழ்நாட்டுக்கே தெரிந்த இடம். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939-ல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அங்கேதான் அடக்கம். ஜனவரி 25 வந்தால் கட்சிக்காரர்கள் மாலையோடு வருவார்கள். பகலில் சரித்திரம். ராத்திரி இரண்டு மணிக்குக் கல்யாண ரிசப்ஷன் முடிந்து நாலு பேர் அந்தப் பக்கமாக நடந்து வந்தால் அது வேறு இடம். அப்படித்தான் வந்தார்கள். மதில் ஓர இருட்டிலிருந்து ஒரு குரல்: "தம்பி, தீப்பெட்டி கீதா?"

நாலு பேரும் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் ஓடினார்கள். ஒரு செருப்பு அங்கேயே விழுந்துவிட்டது. மறுநாள் காலையில் இடுகாட்டில் வேலை பார்க்கும் பெரியவர் அந்த ஒற்றைச் செருப்பை டீக்கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பீடி பத்த வெக்க தீப்பெட்டி கேட்டா இந்த ஓட்டம் ஓட்றானுங்கோ, இன்னா புள்ளைங்களோ" என்று டீக்கடைக்காரரிடம் வருத்தப்பட்டுவிட்டுப் போனார். செருப்பு யாருடையது என்பதில் தகராறில்லை, தொட்டிக்காரருடையது. முதலில் ஓடியது யார் என்பதுதான் இன்றைக்கும் தீராத வழக்கு. நாலு பேருமே தாங்கள் இரண்டாவதாக ஓடியதாகச் சொல்கிறார்கள். முன்னால் ஓடியவனைப் பிடிக்கத்தான் ஓடினார்களாம்.

பீலாக்காரரிடம் ஒரு நேர்மை உண்டு. அதை விட்டுவிடக் கூடாது. அவர் கதையில் அவர் ஜெயிப்பதே இல்லை. அடி வாங்குவார், மாட்டிக்கொள்வார், ஏமாறுவார், எல்லாவற்றையும் உலகச் சாதனை அளவில் செய்வார், அவ்வளவுதான். கேரம் பேச்சு வந்தால் பார்க்கலாம். கேரம் என்பது வடசென்னையில் விளையாட்டு மட்டுமில்லை, சொத்து. 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் சென்னைக்காரர். கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர். அவரோடு ஒரு ஆட்டம் ஆடி நூலிழையில் தோற்றவர்கள் இந்தப் பக்கம் தெருத்தெருவாக இருக்கிறார்கள். நம்மவரும் தோற்றவர்தான். "ரெட்டு போட்டேன். ஃபாலோ மட்டும் போயிருந்தா, இன்னிக்கி நான் இங்க குந்திகினு இருப்பனா?" 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு, "நம்ம ஏரியா பவுடர் அப்பிடி" என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

எம்டன் கதை அவருக்கு வாரிசுரிமை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் மதராஸ் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பயந்துபோன ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். கப்பல் பெயர் தமிழில் ஒரு வசவாகவும் பாராட்டாகவும் தங்கிவிட்டது: "அவன் சரியான எம்டன்டா." பீலாக்காரரின் தாத்தா அன்றைக்குக் குண்டு விழுந்த இடத்துக்குப் பத்தடியில் நின்றிருந்தார். சத்தியக்காரரின் தாத்தாவும் நின்றிருந்தார். இரண்டு தாத்தாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாதது எப்படி என்று திருத்துகிறவர் கேட்டார். "பொகை மச்சான்" என்று பதில் வந்தது.

ஜெர்மனியிலும் இப்படி ஒருவர் இருந்தார். மன்ச்சவுசன் பிரபு, 1720-லிருந்து 1797 வரை வாழ்ந்தவர். சாப்பாட்டுக்குப் பிறகு நண்பர்களை உட்கார வைத்துத் தன் போர்க் கதை, வேட்டைக் கதைகளை அளந்துவிடுவது அவர் வழக்கம். ருடால்ஃப் ராஸ்ப என்பவர் அவர் பெயரில் கதைகளை ஊதிப் பெருக்கி, 1785-ல் இங்கிலாந்தில் புத்தகமாகப் போட்டுவிட்டார். பிரபுவுக்கு மகா கோபம். பெஞ்சில் சொன்னால் அது நட்பு. அச்சில் ஏறினால் மானநஷ்டம். நம்மவருக்கு அந்தப் பயமில்லை. அவர் கதையை யாராவது அச்சுப் போட்டால், அளவு குறைந்துவிட்டது என்றுதான் சண்டைக்கு வருவார்.

குடிக் கதைகளும் நிறைய. ஆனால் இப்போது குடிக்கிறவர்கள் குறைவு. ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்குப் பிரஷர், ஒருவருக்கு மருமகள் வந்துவிட்டாள். 2003 நவம்பரில் அரசாங்கமே டாஸ்மாக் கடையைத் திறந்த பிறகு கதையில் ருசி போய்விட்டது என்பது பீலாக்காரர் கட்சி. பில் போட்டுக் கொடுக்கும் சரக்கில் சாகசம் எங்கே இருக்கிறது? 180 மில்லி குவாட்டரை மூன்று பேர் பங்கு போட்டுக் குடித்த ராத்திரிதான் கதையில் எட்டு ஃபுல்லாகியிருக்கிறது.

குடித்த ராத்திரிகளை விடத் தின்ற ராத்திரிகளைப் பற்றிப் பேசும்போதுதான் அவர்கள் முகம் மலர்கிறது. பீச் ஸ்டேஷன் எதிர்ப்பக்கம் பர்மாக்காரர் கடை. 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ: நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மேலே நொறுக்கிய பேஜோ, எல்லாம் கையாலேயே பிசைந்து தட்டில் விழும். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்டால் இன்னும் கொஞ்சம். அந்த "இன்னும் கொஞ்சம்" என்ற சொல்லை நம்பி ஒருவர் பதினொரு கப் குடித்தார். பன்னிரண்டாவதற்குக் கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, உடம்புக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாராம். பதினொன்று என்ற கணக்கு மட்டும் இத்தனை வருஷத்தில் ஏறவே இல்லை. ஏற்றவும் முடியாது; குடித்தவர் திருத்துகிறவர்.

மழைக் காலத்தில் புதுக் கதை பிறக்கும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்காத மழையில்லை. "பைக்கு போவும், நீ வா" என்ற நம்பிக்கையில் இறங்கி, நடுவில் வண்டி நின்று, சைலன்சரில் தண்ணீர் புகுந்து, பின்னால் உட்கார்ந்திருந்தவர் குடையை விரித்தபடி நடந்து கரையேறிய கதை போன மழைக்குத்தான் பிறந்தது. இன்னும் குழந்தை. தண்ணீர் இடுப்பளவில்தான் இருக்கிறது.

இவர்கள் எல்லாக் கதைக்கும் மூத்தது மீன் கதை. தொட்டிக் கதை நடந்த அதே வாரத்தில், விடிகாலை நாலு மணிக்குக் காசிமேட்டுக்குப் போனார்கள். ஏலத்தில் ஒரு வஞ்சிரம் எடுத்தார்கள். கோணிச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு வந்தபோது, ராயபுரம் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கியது. மீன் ரோட்டில். ஒரு நாய் கவ்வியது. நாயை மூன்று தெருவுக்குத் துரத்தினார்கள். துரத்திய சத்தத்தில் எழுந்தவர்கள் திருடன் என்று நினைத்து இவர்களைத் துரத்தினார்கள். கடைசியில் மீன் வீடு வந்து சேர்ந்தது. வாலில் மட்டும் பல் தடம். ஆரம்பத்தில் அந்த வஞ்சிரம் நாலு கிலோ. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது ஒன்பது கிலோ. போன பொங்கலுக்குப் பதினாலு. நாயும் மூன்றாகிவிட்டது.

அன்றைக்கு டீக்கடையில் மீன் பதினாறு கிலோவுக்கு வந்துகொண்டிருந்தது. சிரிக்கிறவர் இருமத் தொடங்கியிருந்தார். பால் வாங்க வந்த பீலாக்காரரின் மனைவி பாத்திரத்தோடு நின்று கேட்டார்.

"யோவ், அந்த மீன ஆய்ஞ்சவ நானு. ரெண்டு கிலோ கூட இல்ல."

பெஞ்சில் சத்தமே இல்லை. சத்தியக்காரர் டீ கிளாஸைப் பார்த்தார். பீலாக்காரர் மனைவி தெருமுனை திரும்பும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அவ கைக்கு வரச்சொல்ல ரெண்டு கிலோ மச்சான். நான் சொல்றது கடல்ல இருந்தப்போ."