கல்லாவும் கம்ப்யூட்டரும்

கேள்வி: ஜாலான் தெங்கு கிளானாவில் எங்கள் துணிக்கடைக்குப் புது சாப்ட்வேர் போட்டோம். ஆட்கள் இன்னும் 555 குறிப்புப் புத்தகத்தில்தான் எழுதுகிறார்கள். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஏதாவது சொல்கிறார்களா? – வாசகி, கிள்ளான்

பதில்: நிறையவே! ஆராய்ச்சியாளர் ஃபிரெட் டேவிஸ் 1989இல் ஆய்ந்து சொன்னது: புது சாப்ட்வேர் சுலபமா என்பதைவிட, ‘எனக்கு இதனால் என்ன பயன்?’ என்றுதான் ஆள் அதிகம் பார்க்கிறார். தீபாவளிக் கூட்டத்தில் பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டியால் கல்லாக்காரருக்கு என்ன பயன்? பயன் உங்களுக்கும், இ-இன்வாய்ஸ் கேட்கும் வருமான வரி வாரியத்துக்கும்தான். 555 கரண்ட் போனாலும் திறக்கும்! பழைய வேலைமுறையைக் கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள், முறையையே மாற்றுங்கள் என்றார் மேலாண்மை அறிஞர் மைக்கேல் ஹேமர், 1990இல். கடை சாத்தியபின் புத்தகத்தைப் பார்த்து கம்ப்யூட்டரில் மறுபடி தட்டுவது யார்? ஒரு வாரம் நீங்களே தட்டுங்கள். எட்டாம் நாள் சாப்ட்வேர் விற்றவரைத் தேடிக் கிளம்பிவிடுவீர்கள்.